ஒரே விமானம், இரண்டு லாக்புக்: யார் எத்தனை மணி எழுதலாம்?

அமெரிக்காவில் பைலட் படிப்பை முடித்து ஊர் திரும்பும் பிள்ளைகள், இந்திய விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ.விடம் இந்திய கமர்ஷியல் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் முன், பறந்த மணிகளைப் பதியும் லாக்புக்கை எங்களிடம் சரிபார்க்கக் கொண்டுவருவார்கள். புதுச்சேரி, கடலூர், நெய்வேலி என்று எங்கிருந்து வந்தாலும் பிழை இருக்கும் இடம் ஒன்றுதான். தனியாக ஓட்டிய பக்கங்களில் அநேகமாகப் பிழை இருக்காது. வாத்தியாரோடு ஓட்டிய ஆரம்பப் பக்கங்களும் சுத்தமாக இருக்கும். வாடகையைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் சேர்ந்து பறந்த பக்கங்களில்தான் கணக்கு இடிக்கும்.

சேர்ந்து பறப்பதில் தப்பே இல்லை. பிரைவேட் லைசென்ஸ் வாங்கியபின் மணி சேர்ப்பதற்கு, டைம் பில்டிங் என்பார்கள், அதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. அமெரிக்க விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதிப்படி ஒரு குறிப்பிட்ட சூழ்நிலையில் இரண்டு பேருமே ஒரே நேரத்தைக் கேப்டன் நேரமாக, அதாவது பி.ஐ.சி. என்று, எழுதிக்கொள்ளலாம். இந்தப் பாதி உண்மை ஹாஸ்டல் அறையில் வாய்வழியாகப் பரவும்போது ‘ரெண்டு பேரும் முழுசாப் போட்டுக்கலாம்’ என்று ஆகிவிடுகிறது. அங்கேதான் வினை.

முதலில் மனதில் பதிய வேண்டியது, இங்கே கேள்விகள் இரண்டு என்பது. விமானத்துக்குப் பொறுப்பு யார் என்பது ஒரு கேள்வி. பி.ஐ.சி. கட்டத்தில் மணி எழுத யாருக்கு உரிமை என்பது இன்னொரு கேள்வி. அமெரிக்க விதியில் இவை இரண்டும் தனித்தனியாக ஓடுகின்றன. பொறுப்பில் இருப்பவர் மணி எழுத முடியாமல் போகலாம். பொறுப்பே ஏற்க முடியாதவர் முழு மணியையும் பி.ஐ.சி.யாக எழுதலாம். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் 61.51 என்ற விதியை நிதானமாக வாசித்தால் அப்படித்தான் வரும்.

அந்த விதியின் சாரம் இது. அந்த வகை விமானத்துக்கு உங்கள் லைசென்ஸில் ரேட்டிங், அதாவது அதை ஓட்டும் தகுதிக் குறிப்பு, இருந்து, கன்ட்ரோல் உங்கள் ஒருவர் கையில் மட்டும் இருந்த நேரத்தை நீங்கள் பி.ஐ.சி.யாக எழுதலாம். விமானத்தில் நீங்கள் ஒருவரே இருந்தாலும் எழுதலாம். ஒன்றுக்கு மேற்பட்ட பைலட் தேவை என்று விமானத்தின் சான்றிதழோ, அந்தப் பறப்புக்கான விதியோ சொல்லி, நீங்கள் பொறுப்புக் கேப்டனாக இருந்தாலும் எழுதலாம். செஸ்னா 172 ஒரே பைலட் போதும் என்று சான்றளிக்கப்பட்ட விமானம். ஆகவே சாதாரணமாக இருவர் ஏறினால், கன்ட்ரோலைப் பிடித்தவருக்குத்தான் மணி. பக்கத்தில் உட்கார்ந்தவர் எவ்வளவு கவனமாக ரேடியோ பேசினாலும், வரைபடம் பார்த்தாலும், அவர் கட்டத்தில் பூஜ்யம்.

இதைப் பலர் ஏற்கத் தயங்குவது ஒரு குறிப்பிட்ட இடத்தில். சக்கரம் உள்ளே மடங்கும் விமானத்துக்குத் தனியாக எண்டார்ஸ்மென்ட், அதாவது வாத்தியார் லாக்புக்கில் எழுதித் தரும் ஒப்புதல், வேண்டும். ஓட்டுபவரிடம் அது இல்லை, பக்கத்தில் இருப்பவரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பொறுப்புக் கேப்டன் பக்கத்தில் இருப்பவர்தான். ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். ஆனால் ஒற்றை எஞ்சின் ரேட்டிங் இருந்து கன்ட்ரோலைப் பிடித்திருந்த மற்றவர் அதை பி.ஐ.சி.யாக எழுதலாம், பொறுப்பேற்றவர் ஒன்றும் எழுத முடியாது. எண்டார்ஸ்மென்ட் என்பது பொறுப்பேற்பதற்கான தகுதி, மணி எழுதுவதற்கான தகுதி ரேட்டிங். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

சரி, இருவருமே எழுதும் அந்தச் சூழ்நிலை எது? ஓட்டுபவர் ஹூட் என்ற கண் மறைப்பைப் போட்டுக்கொண்டு, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி. அவர் கண் மறைந்திருப்பதால் வெளியே பார்க்க இன்னொருவர் இருந்தே ஆக வேண்டும் என்று 91.109 விதி சொல்கிறது. அவர்தான் ஸேஃப்டி பைலட். அவர் இல்லாமல் அந்தப் பறப்பு சட்டப்படி கிடையாது. எனவே அந்த நிமிடங்களுக்கு மட்டும் அது இரண்டு பைலட் தேவைப்படும் பறப்பாகிறது. ‘அந்த நிமிடங்களுக்கு மட்டும்’ என்பதை அடிக்கோடு போட்டு வாசிக்க வேண்டும்.

ஸேஃப்டி பைலட்டாக யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்க முடியாது. குறைந்தது பிரைவேட் லைசென்ஸ் வேண்டும், அந்த வகைக்கும் வகுப்புக்கும் ரேட்டிங் வேண்டும். ஒற்றை எஞ்சின் மட்டும் உள்ளவர் இரட்டை எஞ்சின் விமானத்தில் உட்கார முடியாது. ஸ்டூடன்ட் பைலட் முடியவே முடியாது. மெடிக்கல் செல்லுபடியாக இருக்க வேண்டும். முன்னாலும் இரு பக்கமும் அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். விமானத்தில் இரட்டைக் கன்ட்ரோல் வேலை செய்ய வேண்டும். கருவிப் பறப்புத் திட்டம் போட்டுப் போகிறீர்கள் என்றால் பொறுப்புக் கேப்டன் யாரோ அவரிடம் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இருந்து, அது கரன்ட்டாகவும், அதாவது அண்மைப் பறப்புகளால் செல்லுபடியாகவும், இருக்க வேண்டும். ரேட்டிங் இல்லாத நண்பர் பொறுப்பேற்றதாக எழுதப்பட்ட வரி, மேகம் சூழ்ந்த நாளின் பறப்புத் திட்டத்தோடு ஒத்துப்போகாது.

ஒரு பறப்பை நிமிடம் நிமிடமாகப் பார்ப்போம். காலை 06:10-க்கு விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்தது. 06:22-க்கு மேலே ஏறியது. 06:30-க்கு ஓட்டுபவர் ஹூட் போட்டார், இரண்டு அப்ரோச், அதாவது இறங்குவதற்காகக் கருவிகளைப் பார்த்து ஓடுபாதையை நெருங்குவது, செய்தார், 07:18-க்குக் கழற்றினார். 07:28-க்கு இறங்கி, 07:34-க்கு நின்றது. மொத்தம் 84 நிமிடம், 1.4 மணி. ஹூட் நேரம் 48 நிமிடம், 0.8 மணி.

ஓட்டியவர் எழுத வேண்டியது: மொத்தம் 1.4, பி.ஐ.சி. 1.4, சிமுலேட்டட் இன்ஸ்ட்ருமென்ட் 0.8, அப்ரோச் இரண்டு, எந்த ஏர்போர்ட்டில் எந்த அப்ரோச் என்ற விவரம், லேண்டிங் ஒன்று, ஸேஃப்டி பைலட்டின் பெயர். பெயர் எழுதுவது மரியாதைக்காக இல்லை, விதியே கேட்கிறது. பெயர் இல்லாத ஹூட் மணி பாதி மணி.

வெளியே பார்த்தவர் எழுத வேண்டியது 0.8 மட்டும். எஞ்சின் கிளப்பும் முன்பே ‘ஹூட் போட்டிருக்கும்போது பொறுப்பு என்னுடையது’ என்று பேசி முடிவு செய்திருந்தால் பி.ஐ.சி. 0.8. அப்படிப் பேசிக்கொள்ளாமல் பொறுப்பு ஓட்டியவரிடமே இருந்திருந்தால் எஸ்.ஐ.சி., அதாவது துணை பைலட், 0.8. லேண்டிங் இல்லை. இன்ஸ்ட்ருமென்ட் நேரம் இல்லை. அப்ரோச் எண்ணிக்கையும் இல்லை. அவர் பார்த்தது ஜன்னலை, கருவியை அல்ல.

திரும்பி வரும்போது இருவரும் மாறிக்கொண்டு அதே அளவு பறந்தால், அன்றைக்கு ஆளுக்கு 1.4-உம் 0.8-உம் சேர்த்து 2.2 மணி பி.ஐ.சி. விமானம் பறந்ததோ 2.8 மணி. ஆளுக்கு 2.8 என்று எழுதியிருக்கும் லாக்புக்குகள் நிறைய வருகின்றன. டேக்ஸி செய்ததும், மேலே ஏறியதும், இறங்கியதும் ஹூட் போட்டுக்கொண்டா என்ற ஒரே கேள்வியில் அந்த 2.8 சரிந்துவிடும்.

பொறுப்பை ஸேஃப்டி பைலட் ஏற்கிறார் என்றால் அது வெறும் காகிதப் பேச்சாக இருக்கக் கூடாது. வாடகைக்குக் கொடுப்பவரின் ஒப்பந்தமும் இன்ஷூரன்ஸும் அவரைக் கேப்டனாக ஏற்கின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள். வாடகைக்கு எடுத்தவர் மட்டுமே கேப்டனாக இருக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதோடு பேச்சு முடிந்தது, எஸ்.ஐ.சி. என்று எழுதுங்கள். கன்ட்ரோலைக் கைமாற்றும்போதும் ‘உன்கிட்ட’, ‘என்கிட்ட’, மறுபடி ‘உன்கிட்ட’ என்று மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு மாற்றுங்கள். மணிக் கணக்குக்காகச் சொல்லவில்லை. இருவரும் பிடித்திருக்கிறோம் என்று நினைத்து ஒருவரும் பிடிக்காமல் இருக்கும் சில நொடிகள் உயிருக்கே ஆபத்து.

அப்ரோச் பற்றி ஒன்று. பயிற்சிக்காக என்றாலும் ஹூட் போட்ட அப்ரோச்சை அதற்குரிய குறைந்தபட்ச உயரம் வரை ஹூட்டோடு ஓட்டினால்தான் எண்ணிக்கையில் சேரும். கழுத்து வலிக்கிறது என்று முன்னமே கழற்றினால் அது பயிற்சியாக இருக்கலாம், கடந்த 6 காலண்டர் மாதத்தில் 6 அப்ரோச் என்ற கரன்ஸிக் கணக்கில் வராது. அமெரிக்க இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு வேண்டிய 40 மணி இன்ஸ்ட்ருமென்ட் நேரத்தில் 15 மணியாவது தகுதியுள்ள வாத்தியாரோடு இருக்க வேண்டும். மீதியை நண்பரை ஸேஃப்டி பைலட்டாக வைத்துச் சேர்க்கலாம். பணம் மிச்சமாவது இங்கேதான், இதை முறையாகச் செய்பவர்களை நாங்கள் மனதாரப் பாராட்டுவோம்.

அடுத்த குழப்பம் க்ராஸ் கன்ட்ரி, அதாவது ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பறக்கும் பயணம். அமெரிக்காவில் பிரைவேட், கமர்ஷியல், இன்ஸ்ட்ருமென்ட் தேவைகளுக்கு, புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 நாட்டிகல் மைலுக்கு மேல் உள்ள ஓரிடத்தில் இறங்க வேண்டும். நம் ஊர் அளவில் சொன்னால் சட்டென்று பிடிபடும். புதுச்சேரியின் லாஸ்பேட்டை ஏர்போர்ட்டிலிருந்து கடலூர் சுமார் 13, நெய்வேலி சுமார் 27. இரண்டும் சேராது. மீனம்பாக்கம் சுமார் 65, திருச்சி சுமார் 97, இரண்டும் சேரும். நெய்வேலிக்கு மூன்று முறை போய்வந்து 160 மைல் ஆயிற்றே என்று கூட்டுவது செல்லாது, கணக்கு நேர்கோட்டுக்கு.

இதில் ஸேஃப்டி பைலட்டுக்கு க்ராஸ் கன்ட்ரி நேரமே கிடையாது. ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் தேவைப்படும் குழுவில் இல்லை, எனவே அந்தப் பயணம் முழுதும் அவருடையதாகாது. 200 மைல் பயணத்தில் 150 மைல் ஹூட் போட்டிருந்தாலும் அதுதான் விதி. இதைக் கேட்டதும் சிலர், நடுவானில் பாதி வழியில் கைமாற்றிக்கொண்டு இருவரும் க்ராஸ் கன்ட்ரி போட்டுக்கொள்ளப் பார்ப்பார்கள். செய்யாதீர்கள். ஓர் ஏர்போர்ட்டில் முழுதாக இறங்கி, நின்று, இடம் மாறி, அடுத்தவர் தன் பயணத்தைத் தானே ஏற்றி இறக்கட்டும். அந்தப் பத்து நிமிடத் தாமதம் இருவரின் வரிகளையும் கேள்விக்கு இடமில்லாமல் ஆக்கிவிடும்.

பணப் பங்கீட்டிலும் ஒரு வரம்பு உண்டு. பிரைவேட் லைசென்ஸ்காரர் கேப்டனாக இருக்கும்போது எரிபொருள், ஆயில், ஏர்போர்ட் கட்டணம், விமான வாடகை ஆகியவற்றில் தன் பங்குக்குக் குறையாமல் போட வேண்டும். இருவர் என்றால் பாதி. ‘நீ ஓட்டு, நான் முழுசாக் கொடுத்துடறேன்’ என்று நண்பர் சொன்னால் மறுத்துவிடுங்கள். ரசீதை இருவர் பெயரிலும் வாங்கிக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னது அங்கத்திய கணக்கு. இந்தியாவில் லாக்புக்கைப் பிரிக்கும்போது இன்னொரு கணக்கு தொடங்குகிறது. இங்கே கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி, அதில் 100 மணி பி.ஐ.சி. வேண்டும். பி.ஐ.சி.யாக 20 மணி க்ராஸ் கன்ட்ரி, அதில் 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாத ஒரு பயணம், வழியில் இரண்டு வேறு ஏர்போர்ட்டில் முழுதாக இறங்கி நின்றிருக்க வேண்டும். 10 மணி இன்ஸ்ட்ருமென்ட், அதில் சிமுலேட்டரில் 5 மணிக்கு மேல் கூடாது. இரவில் 5 மணி, பத்து ஏற்றம், பத்து இறக்கம்.

அமெரிக்க லாக்புக்கில் இந்த 100 மணியை மறைக்கிற இடங்கள் இரண்டு. ஒன்று ஸேஃப்டி பைலட் மணி. மற்றது அதைவிடப் பெரியது, ஆனால் யாரும் கவனிப்பதில்லை. பிரைவேட் லைசென்ஸ் வந்தபின் வாத்தியாரோடு ஓட்டும்போது, ரேட்டிங் இருக்கிறது, கன்ட்ரோல் தன் கையில் இருக்கிறது என்பதால் மாணவர் அங்கே பி.ஐ.சி. என்றும் எழுதுவார், டூயல், அதாவது வாத்தியாரோடு பயிற்சியாக ஓட்டிய நேரம், என்றும் எழுதுவார். ஒரே வரியில் இரண்டு கட்டமும் நிரம்பியிருக்கும். அமெரிக்காவில் அது முற்றிலும் சரி. இந்தியாவில் விமான விதிகள் 1937-இன் 67ஏ, பயிற்சியில் இருக்கும் நேரத்தை டூயல் என்று பதியச் சொல்கிறது. வாத்தியார் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுத்த மணி இங்கே டூயல்தான்.

ஆகவே திரும்பி வரும் முன், அங்கே இருக்கும்போதே, ஒரு தனித்தாளில் நான்கு பத்தி போடுங்கள். தனியாகவோ, வேறு யாரும் பி.ஐ.சி. கோராமலோ ஓட்டியது முதல் பத்தி. டூயல், பி.ஐ.சி. என்றும் எழுதப்பட்டவை உட்பட, இரண்டாவது. ஸேஃப்டி பைலட்டாக எழுதிய பி.ஐ.சி. மூன்றாவது. எஸ்.ஐ.சி. நான்காவது. உதாரணமாக ஒருவரின் பி.ஐ.சி. கட்டத்தின் கூட்டல் 160 என்று காட்டுகிறது. அதில் டூயலோடு சேர்ந்தவை 45, ஸேஃப்டி பைலட் மணி 25. மிச்சம் 90. நூறைத் தாண்டி அறுபது இருக்கிறது என்று நிம்மதியாக விமானம் ஏறியவருக்கு உண்மையில் 10 மணி குறைகிறது. அங்கே இருக்கும்போது தெரிந்தால் ஒரு வாரத்தில் ஓட்டி முடிக்கலாம். இங்கே வந்தபின் தெரிந்தால் விமானம் கிடைக்க வேண்டும், இடம் கிடைக்க வேண்டும், மாதங்கள் ஓடும். ஒரு விமானத்துக்கு ஒரு நேரத்தில் ஒரே கேப்டன் என்பதே உலகத்தில் பெரும்பாலான இடங்களின் பார்வை. அதனால் மூன்றாவது பத்தியை 100-க்குள் கொண்டுவர நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. முதல் பத்தி தனியாகவே நூறைத் தொட வேண்டும்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரி, காரைக்கால் குடும்பத்துப் பிள்ளைகள் பிரான்ஸில் படிப்பதும் உண்டு. ஐரோப்பிய விதியில் ஒரே பைலட் போதுமான விமானத்தில் ஒரு நேரத்துக்கு ஒருவர்தான் பி.ஐ.சி.; பக்கத்தில் இருக்கும் நண்பர் பயணிதான். ஸேஃப்டி பைலட் என்று அங்கே மணி சேர்க்க முடியாது. அமெரிக்க நண்பர் சொன்னதைக் கேட்டு எழுதிவிட வேண்டாம்.

இனி எண்களை எழுதும் முறை. அமெரிக்க லாக்புக்கில் மணி தசமத்தில் இருக்கும், 0.1 என்பது 6 நிமிடம். இந்திய லாக்புக்கில் மணியும் நிமிடமும். 1.3-ஐ அப்படியே 1:30 என்று மாற்றி எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. 1.3 என்றால் 1 மணி 18 நிமிடம்; வரிக்கு 12 நிமிடம் கூடிவிட்டது. இப்படி 60 வரி இருந்தால் ஓட்டாத 12 மணி நேரம் கணக்கில் ஏறிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: 1.9-ஐ 1:09 என்று எழுதி 45 நிமிடத்தை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

விமானத்தில் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹாப்ஸ் மீட்டரின் நேரத்தை அப்படியே எழுதுவது இன்னொரு தவறு. வாடகை அந்த மீட்டர்படிதான், அதனால் அது மனதில் நிற்கும். ஆனால் பெரும்பாலான விமானங்களில் எஞ்சின் ஓடத் தொடங்கியதுமே ஹாப்ஸ் ஓடத் தொடங்கிவிடும். பறப்பு நேரம் என்பது புறப்படுவதற்காக விமானம் நகர்ந்த நொடியிலிருந்து, இறங்கிக் கடைசியாக நின்ற நொடி வரை. எஞ்சினைச் சூடேற்றிக்கொண்டும் வானிலை கேட்டுக்கொண்டும் அசையாமல் நின்ற எட்டு நிமிடம் பில்லில் வரும், லாக்புக்கில் வராது. நகர்ந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் முழங்கால் அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். ஹூட் போட்ட நேரத்தையும் கழற்றிய நேரத்தையும் வெளியே பார்ப்பவர் குறிக்கட்டும், போட்டிருப்பவரால் குறிக்க முடியாது. இறங்கியதும், விமானத்தைக் கட்டிவிட்டு அங்கேயே நின்றபடி, இருவரும் நான்கு எண்களையும் ஒப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். விடுதிக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் இரண்டு லாக்புக்கிலும் இரண்டு விதமாக இருக்கும்.

தேதியும் அப்படியே. ஃப்ளோரிடாவில் குளிர்காலத்தில் இரவு 8 மணி என்பது யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தில் மறுநாள் 01:00. ஒருவர் உள்ளூர்த் தேதியும் மற்றவர் யு.டி.சி. தேதியும் எழுதினால் ஒரே பறப்பு இரண்டு பறப்பாகத் தெரியும். எதை வேண்டுமானாலும் பின்பற்றுங்கள், இருவரும் ஒன்றையே பின்பற்றுங்கள், முதல் பக்கத்தில் அதை எழுதி வையுங்கள்.

குறிப்புக் கட்டத்தை வெறுமையாக விடுவது பலருக்குப் பழக்கம். ஸேஃப்டி பைலட் வரியில் இவ்வளவாவது இருக்கட்டும்: ‘ஸேஃப்டி பைலட், ஹூட் 06:30 முதல் 07:18 வரை, பொறுப்பு என்னுடையது’, பக்கத்தில் ஓட்டியவர் பெயர். ஐந்து வருடம் கழித்து ஒருவர் கேட்டால் அந்த ஒரு வரி உங்களுக்காகப் பேசும்.

தவறாக எழுதிவிட்டால் ஒயிட்னர் வைக்காதீர்கள், தாளைக் கிழிக்காதீர்கள். ஒரே கோடு போட்டு அடியுங்கள், அடியில் இருப்பது படிக்கும்படி இருக்கட்டும், பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த பக்கக் கூட்டல்களையும் மாற்ற மறக்காதீர்கள். பாதிப் பேர் மறப்பது இதைத்தான்.

இந்திய விதி லாக்புக்கை மையால் எழுதச் சொல்கிறது, கடைசிப் பதிவிலிருந்து 5 வருடமாவது பாதுகாக்கச் சொல்கிறது. நம் கடற்கரையில் இது லேசான வேலை இல்லை. சில ஜெல் பேனாக்களின் மை ஈரம் பட்டால் பரவிவிடும், பால்பாயின்ட் தாங்கும். 2011-இல் தானே, 2024-இல் ஃபெஞ்சல் என்று புயலும் வெள்ளமும் வீட்டுக்குள் வந்து பார்த்த ஊர் இது. ஒவ்வொரு பக்கம் நிரம்பியதும் அந்தப் பக்கத்தையும், அதற்குரிய வாடகை ரசீதுகளையும், ஹாப்ஸ் மீட்டரின் படத்தையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். அசலை நீர் புகாத உறையில் போட்டு, ஐப்பசி மழை தொடங்கும் முன் பரணுக்கு ஏற்றிவிடுங்கள். உங்களோடு பறந்தவரின் அதே பக்கத்துப் படத்தையும் ஒரு பிரதி வாங்கி அதோடு வையுங்கள்.